நிரம்பியபடியே வீடு திரும்பிய பாட்டில்கள்

என் ஸ்கூட்டருக்கு ஒரு குணம். நிதானமாகக் கிளம்பினால் சமர்த்தாக ஓடும். அவசரமாகக் கிளம்பினால் நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு மாலை அப்படித்தான்... மேடவாக்கம் கூட்டுரோடு தாண்டியதும் நின்றுவிட்டது. உதைத்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ம்ஹூம்! மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, காய்கறிப் பையோடு ரோட்டோரம் நின்றேன்.

ஒரு வேன் வந்து நின்றது. ஏழுமலை.

எங்கள் நகரிலிருந்தும், அதற்குப் பின்னால் இருக்கும் பழைய ஊரிலிருந்தும் அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர் இவர். காலை எட்டரைக்கு அவருடைய ஹாரன் சத்தம் கேட்டுத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் குளிக்கவே போவார்கள்.

"இன்னாக்கா, வண்டி மக்கர் பண்ணிச்சா? குந்துங்க. ஸ்கூலாண்ட பசங்கள ஏத்திகினு வூட்ல வுட்டுடறேன்."

உட்கார்ந்தேன். பள்ளி வாசலில் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பைகளை வேனின் மேல் கேரியரில் அடுக்குவது ஏழுமலையின் வேலை. சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று நானும் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். நாலைந்து பை ஒழுங்காக வந்தது. அடுத்த பையைத் தூக்கினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும் போல் இருந்தது.

"இதுல என்ன ஏழுமலை, செங்கல்லா?"

"தண்ணிக்கா. பொண்ணுங்க பையி எல்லாமே இப்டித்தான். காலீல இன்னா கனமோ, சாயங்காலமும் அதே கனம். பையனுங்க பையி திரும்பி வர்றப்போ லேசாயிடும். இதுங்க பாட்டில்ல மட்டும் காலீல ஊத்தின தண்ணி அப்டியே கீது."

"தண்ணீர் குடிக்கறதுக்குன்னே மணி அடிக்கறாங்களே."

"அடிக்கறாங்கோ. இதுங்க இன்னாத்த குடிக்குதுங்களோ, யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு அந்தப் பையை ஒற்றைக் கையால் வாங்கி மேலே வைத்தார். யாருடைய பை என்று கேட்டேன்.

"அன்னிக்கு மயக்கம் போட்டு வுழுந்துச்சே... தர்ஷினி. அத்தோடது."

கேரியரில் ஏறிவிட்ட அந்தப் பையை மறுபடியும் அண்ணாந்து பார்த்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் எங்கள் பெருமையைச் சொல்ல வேண்டும். பெருமை என்று நாங்கள் அப்போது நினைத்துக்கொண்டிருந்ததை.

எங்கள் நகருக்கு ஒரு நலச் சங்கம் உண்டு. தென்சென்னைப் புறநகரில் நலச் சங்கம் இல்லாத நகர் ஏது? தலைவர் சீதாராமன் சார், ஓய்வுபெற்ற இன்ஜினியர். செயலாளர், பொருளாளர், கமிட்டி மெம்பர்கள் எல்லாரும் ஆண்கள். ஒரு லேடீஸ் இருந்தால் நன்றாக இருக்கும் என்று என்னை இணைச் செயலாளர் ஆக்கினார்கள். என் வேலை மினிட்ஸ் எழுதுவது, வருகிற கடிதங்களைப் படித்துக் காட்டுவது, கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சுண்டல் ஏற்பாடு செய்வது. நன்றாகவே செய்தேன். சுண்டலைச் சொல்கிறேன்.

போன வருடம் அந்த அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று முடிவானது. ஹெச்.எம். விஜயா டீச்சரிடம் தேவைகளை எழுதித் தரச் சொன்னோம். எழுதித் தந்தார். அதன் பலனாக ஒரு நல்ல நாளில், பள்ளி வளாகத்தில் பளபளவென்று ஒரு ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் உட்கார்ந்தது. நாலு குழாய், மேலே ஷீட் போட்ட கூரை, சுவரில் கருப்பு கிரானைட் கல்வெட்டு. அதில் எங்கள் எல்லார் பெயரும். என் பெயர் கடைசி. ரிப்பன் வெட்டினோம், ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன.

மூன்று வாரம் கழித்து, காலை பிரேயரில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவி மயங்கி விழுந்தாள். கல்வெட்டிலிருந்து நாலடி தள்ளி.

அவள்தான் தர்ஷினி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, சிறுநீரில் கிருமித் தொற்று என்றார் டாக்டர் அம்மா. இரண்டாவது முறையாம். "இந்தப் பெண் தண்ணீரே குடிக்கிறதில்லை. இப்படியே போனால் கிட்னி வரைக்கும் போகும்" என்று கண்டித்து அனுப்பியிருக்கிறார்.

சங்கத்தின் சார்பில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு நான் போனேன். பழைய ஊரில், ஏரிக்கரைப் பக்கம் ஒற்றை அறை வீடு. அம்மா ஜெயந்தி. சிறுசேரியில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரி ஏழுக்குத்தான் வீடு. அப்பா இல்லை. போய்விட்டார் என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

"இவளுக்கு ஜுரம்னா நான் லீவு போடணும் மேடம். நாலு நாளுக்கு மேல லீவு போட்டா வேற ஆளு போட்டுடுவாங்க. டாக்டரம்மா கிட்னின்னு சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல." தலையணையில் சாய்ந்திருந்த மகளைப் பார்த்தபடியே சொன்னாள். "இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா இஸ்கூலும் வேணாம், ஒண்ணும் வேணாம். படப்பைல எங்க அக்கா தையல் கடை வெச்சுகினு இருக்கு. அங்க கொண்டு போய் வுட்டுடறேன். வூட்லயாவது ஒழுங்கா தண்ணி குடிப்பா."

தர்ஷினி போர்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். மாவட்ட அளவில் பேச்சுப் போட்டிக்குப் போன பெண் அவள் என்று ஹெச்.எம். சொல்லியிருந்தார்.

இதைச் சங்கத்தில் சொன்னேன். எல்லாருக்கும் நிஜமாகவே வருத்தம். கூடவே கொஞ்சம் ரோஷமும். "அவ்வளவு நல்ல தண்ணி வெச்சுக் கொடுத்திருக்கோம், குடிக்க மாட்டேங்கறாளே" என்றார் பொருளாளர். விழிப்புணர்வு போதவில்லை என்று தீர்மானித்தோம். இப்போதெல்லாம் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்கிறார்களே, அதைக் கண்டிப்பாக நடத்தும்படி ஹெச்.எம்.மைக் கேட்டுக்கொண்டோம். ஒருநாள் நாங்களே போய் நின்று பார்த்தோம். மணி அடித்ததும் அத்தனை பிள்ளைகளும் ஒரே சமயத்தில் பாட்டிலைத் தூக்கி வாயில் வைத்த காட்சி இருக்கிறதே... தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடியும் போட்டோ, மறுபடியும் கைதட்டும் பொம்மைகள்.

அந்தப் பிள்ளைகளின் பையைத்தான் நான் ஏழுமலையின் வேனில் தூக்கிப் பார்த்தேன்.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். விஜயா டீச்சர் ஒரு மாதிரியாகச் சிரித்தார். "நீங்களே கேளுங்க மேடம். நாங்க யாரும் பக்கத்துல இருக்க மாட்டோம்" என்று எட்டாம் வகுப்புப் பெண்களை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவைத்தார்.

கேட்டேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கடைசியில் தர்ஷினிதான் பேசினாள்.

"பெல் அடிச்சா பாட்டிலைத் தூக்குவோம் ஆன்ட்டி. உதட்டுல வெச்சுட்டு மூடிடுவோம்."

"முழுங்க மாட்டீங்களா?"

"மாட்டோம்."

"ஏன்டா கண்ணு?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "குடிச்சா போணும்ல..."

அவ்வளவுதான் காரணம்.

எனக்குத் தெரியாதா இது? இருபத்தாறு வருடம் தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் போய் வேலை பார்த்தவள் நான். காலையில் அரை டம்ளர் காபி, அதோடு சரி. எங்கள் ஆபீஸில் இரண்டு மாடிக்குப் பெண்களுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, அதன் கதவும் பாதிதான் மூடும். மே மாத வெயிலிலும் நாக்கு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருப்போமே தவிர தண்ணீர் குடிக்க மாட்டோம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிய மாலைகள் எத்தனை! இதைப் படிக்கும் பெண்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. ஆண்களே, சந்தேகமாக இருந்தால் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் பட்டவள், ரிப்பன் வெட்டும்போது எங்கே போனேன்?

ஹெச்.எம்.மோடு பெண்கள் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று அறைகள். முதல் கதவில் தாழ்ப்பாளே இல்லை. திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. இரண்டாவதில் தாழ்ப்பாள் இருக்கிறது, துரு ஏறி நகராது. மூன்றாவதன் கதவையே காணோம். பெண்கள் மூன்று பேராகப் போவார்களாம். ஒருத்தி உள்ளே, ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி யாராவது வருகிறார்களா என்று பார்க்க. கூட வருகிற தோழி அன்று லீவு என்றால் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது.

"முன்னாடி தண்ணியாவது வரும் மேடம்" என்றார் விஜயா டீச்சர், மெதுவாக. "ஆர்.ஓ. மாட்டினவர், பிரஷர் பத்தலைன்னு இந்த லைன் வால்வை மூடிட்டுப் போயிட்டார். தலைமையாசிரியர் சங்கக் கூட்டத்துல கூட சொல்லிட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. இவ்ளோ செலவு பண்ணி செஞ்சிருக்கீங்க... குறை சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு..."

நாங்கள் கொடுத்த நல்ல தண்ணீர், அந்தப் பெண்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குத்தான் அவ்வளவு கைதட்டல்.

இதைவிடப் பெரிய அடி வீட்டில் காத்திருந்தது. ஹெச்.எம். போன வருடம் எழுதித் தந்த கடிதம் என் ஃபைலில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒன்று, மாணவியர் கழிப்பறைக் கதவு, தாழ்ப்பாள் சரிசெய்ய வேண்டும். இரண்டு, குடிநீர் வசதி.

அன்று கூட்டத்தில் இந்தக் கடிதத்தைப் படித்தவள் நான்தான். ஆண்கள் நிறைந்த சபையில் அந்த முதல் வரியைக் குரலைத் தாழ்த்தி, அவசர அவசரமாகப் படித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். குடிநீர் என்றதும் எல்லார் முகமும் தெளிந்தது. ரிப்பன் கட்டலாம், கல்வெட்டு வைக்கலாம். தாழ்ப்பாளுக்கு யார் ரிப்பன் கட்டுவார்கள்? கக்கூஸ் சுவரில் யார் தன் பெயரைப் பொறிக்கச் சொல்வார்கள்? அவர்களை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்... தாண்டிப் போனது என் வாய்தானே?

அடுத்த வாரம் பள்ளியிலேயே கூட்டம் போட்டோம். சங்கத்துக்காரர்கள், பெற்றோர்கள், டீச்சர்கள். நான் எழுந்து அதே கடிதத்தை மறுபடியும் படித்தேன். இந்த முறை முதல் வரியை இரண்டு தடவை, சத்தமாக. மூடின வால்வையும் சொன்னேன். பெண்கள் பாட்டிலை உதட்டில் வைத்து மூடுவதையும் சொன்னேன். ஒருவரும் செருமவில்லை.

சீதாராமன் சார் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அவருக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டார். புது பிளாக்கே கட்டிவிடலாம், பிளான் போட்டுத் தருகிறேன், மேலிடத்துக்கு மனு கொடுப்போம் என்று ஆரம்பித்தார். பென்சிலைக்கூட எடுத்துவிட்டார்.

கடைசி வரிசையில் ஜெயந்தி எழுந்தாள். கம்பெனி யூனிஃபார்ம். பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"புது பில்டிங் வர்றதுக்குள்ள எம்பொண்ணு படப்பைக்குப் போயிடுவா சார். தாப்பா போட்டுக் குடுங்க, போதும்."

தலைவர் பென்சிலை வைத்தார்.

"தாழ்ப்பாள் நாளைக்கே போட்டுடலாம்மா. ஆனா மறுபடியும் உடைஞ்சா?"

"உடையும் சார். நாலு மாசத்துல உடைஞ்சிடும். எங்க கம்பெனிலயும் உடையும். உடைஞ்சா இன்னா பண்றாங்கன்றதுதான் இருக்குது." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "அங்க ஒவ்வொரு கதவுக்குப் பின்னாடியும் ஒரு பேப்பர் இருக்கும் சார். மணிக்கொரு தரம் போய்ப் பாக்கணும். தண்ணி வருதா, தாப்பா நிக்குதா, கூடை நிறைஞ்சிச்சா... எல்லாம் டிக் அடிச்சுக் கையெழுத்துப் போடணும். எதுனா ஆடுச்சுன்னா போட்டோ எடுத்து அனுப்பணும். அன்னிக்கே ஆளு வந்துடும். பதினோரு வருஷமா இதைத்தான் பண்றேன். யாரு யாரோ போறதுக்கு நான் டிக் அடிக்கிறேன். எம்பொண்ணு போற எடத்துல யாரும் அடிக்கல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நானும் எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறேன், எத்தனையோ நிபுணர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். நிபுணர் என்றால் யார் என்று அன்றுதான் பார்த்தேன். எனக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல் இருந்தது. கூச்சமாக இருந்ததால் மினிட்ஸில் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. பள்ளிக்கு எதிரே ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் பழைய ஊர்க்காரர். எங்கள் நகர் இருக்கும் இடமே ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் வயல். மறுநாள் காலை, அவரே தாழ்ப்பாள், கீல், ஒரு பழைய கதவு எல்லாம் எடுத்துக்கொண்டு தச்சரோடு வந்துவிட்டார். ஜெயந்தி சொன்னபடி கதவுக்கு உள்பக்கம் ஒரு கொக்கியும் அடித்தார்கள். துப்பட்டா மாட்ட. இத்தனை வருடத்தில் எந்த ஆணுக்காவது தோன்றியிருக்குமா அந்தக் கொக்கி?

சீதாராமன் சாரை நான் கிண்டல் செய்துகொண்டே வந்தேன் அல்லவா? இப்போது நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனுஷர் எழுபது வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் பிளம்பரோடு நின்றார். மூடிய வால்வைத் திறந்தார். அதோடு விடவில்லை. ஆர்.ஓ. இயந்திரம் சுத்தம் செய்யும்போது ஒரு பங்கு தண்ணீரை வேண்டாம் என்று வெளியே தள்ளுமே, அது இத்தனை நாளும் மைதானத்து ஓரச் சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைக் குழாய் போட்டுக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார். இனிமேல் பிள்ளைகள் எவ்வளவுக்கு எவ்வளவு குடிக்கிறார்களோ, அவ்வளவுக்கு அவ்வளவு கழிப்பறைக்கும் தண்ணீர். "இதை முதல்லயே செஞ்சிருக்கணும்மா" என்று என்னிடம் சொன்னார்.

கதவுக்குப் பின்னால் பேப்பர் ஏறியது. ஜெயந்தி தன் கையால் கோடு போட்டு எழுதிக் கொடுத்த பேப்பர். மணிக்கொரு தரம் பள்ளியில் முடியாது. அதனால் ஒவ்வொரு இன்டர்வெலுக்கும் பிறகு இரண்டு மாணவிகள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஏதாவது பழுது என்றால் டீச்சர் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவார். அந்த குரூப்பில் ஹார்டுவேர் கடைக்காரர், பிளம்பர், தலைவர், நான், நாலு அம்மாக்கள். சாயங்கால மணி அடிப்பதற்குள் சரியாகிவிட வேண்டும். இதுதான் ஒரே விதி. எட்டாம் வகுப்பின் சார்பில் முதல் கையெழுத்துப் போட்டவள் தர்ஷினி.

எல்லாம் ஆயிற்றா? இனி பாட்டில் காலியாகத்தானே வேண்டும்?

ஆகவில்லை.

தினமும் மாலை ஏழுமலையிடம் கேட்பேன். அவர்தானே எங்கள் எடைமேடை?

"அப்டியேதான் கீது அக்கா."

மறுநாளும் அப்டியேதான். ஒரு வாரம் முழுக்க அப்டியேதான். எனக்கு பேஜாராகிவிட்டது. மணி அடிக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் வருகிறது... இன்னும் என்ன? நடுவில் ஒருநாள் தர்ஷினிக்கு லேசாக ஜுரம் என்று ஜெயந்தி போன் செய்தாள். நல்லவேளை, வெறும் சளி ஜுரம். ஆனால் ஜெயந்தி போனை வைக்கும்போது, படப்பை அக்காவிடம் பேசி வைத்திருப்பதாகச் சொன்னாள்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை பதினொன்றரைக்கு குரூப்பில் முதல் போட்டோ வந்தது. நடு அறையில் தாழ்ப்பாள் கழன்று தொங்குகிறது. போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை! தச்சரை மனசுக்குள் திட்டினேன். ஹார்டுவேர் கடைக்காரர் 'வரேன்' என்று மட்டும் பதில் போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறவர் அன்று போகவில்லை. கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு பள்ளிக்கு வந்து, டீச்சர் உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துச் சொல்லும் வரை வெயிலில் வெளியே நின்று, பிறகு போய் மாட்டிக்கொடுத்துவிட்டு வந்தாராம். இரண்டு மணிக்கு அடுத்த போட்டோ. தாழ்ப்பாள் கம்பீரமாக நிற்கிறது.

அன்று மாலை நான் கேட்காமலேயே ஏழுமலை போன் செய்தார்.

"அக்கா, ஒரு நாலு பையி லேசா கீது."

அடுத்த நாள் ஏழெட்டுப் பை. அதற்கடுத்த வாரம் எண்ணுவதையே விட்டுவிட்டார்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் தர்ஷினியை டாக்டர் அம்மா மறுபடி சோதித்துப் பார்த்தார். கிருமி இல்லை, எதுவும் இல்லை, நன்றாக இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தார். ஜெயந்தி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன். படப்பை என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "பத்தாவது வரைக்கும் இங்கயே படிக்கட்டும்னு கீது மேடம்" என்றாள். அப்புறம் ரெண்டு பேரும் மாறி மாறி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கூட வந்த தர்ஷினி மட்டும் நெளிந்துகொண்டே இருந்தாள். அம்மா கிளம்பி வாசலுக்குப் போனதும் என் காதருகே வந்தாள்.

"ஆன்ட்டி, யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"அந்தத் தாழ்ப்பாளை நான்தான் கழட்டினேன். ஸ்டீல் ஸ்கேல் வெச்சு."

"அடிப்பாவி. எதுக்கு?"

"கழண்டா வர்றாங்களான்னு பாக்கத்தான். முன்னாடியும் ஒரு தடவ புதுசு போட்டாங்க ஆன்ட்டி. உடைஞ்சப்ப யாருமே வரல. அதான், வந்தாங்கன்னா குடிக்கலாம்னு நாங்க பேசி வெச்சிருந்தோம்." வாசலில் நின்ற அம்மாவை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "வந்துட்டாங்க. அன்னிக்கு மத்தியானமே குடிச்சேன்."

எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. நாங்கள் அந்தப் பெண்களுக்குப் பரீட்சை வைப்பதாக நினைத்து, மணி அடித்து, பை தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் சத்தம் போடாமல் எங்களுக்குப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்ததால் தேறினோம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்னவள் இப்படிப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்காதீர்கள். அவளிடம் மறுபடி அனுமதி கேட்டேன். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றாள். மாற்றிவிட்டேன். ஊர் பெயரையும், பள்ளியின் பெயரையும் அதனால்தான் சொல்லவில்லை.

போன மாதம் சங்கக் கூட்டத்தில் பொருளாளர், அந்தக் கழிப்பறை வாசலிலும் சின்னதாக ஒரு கல்வெட்டு வைத்தால் என்ன என்று ஆரம்பித்தார். பழக்க தோஷம். சீதாராமன் சார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"ஏற்கனவே கதவுக்குப் பின்னாடி பேர் இருக்குய்யா. தினமும் புதுசா எழுதறாங்க."

மினிட்ஸில் எழுதிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை, ஏழுமலை வேனை என் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். வெளியே வந்தேன். முகம் உர்ரென்று இருந்தது. கையில் அவருடைய தண்ணீர் பாட்டில். ஒரு சொட்டு இல்லை.

"இன்னாக்கா இது? இதுங்க பாட்டில் எல்லாம் மத்தியானமே காலி. வேன்ல ஏறினவுடனே, அண்ணா தண்ணி, அண்ணா தண்ணின்னு என்னுத வாங்கி மொத்தமும் குட்சிட்டுதுங்க. அந்தத் தர்ஷினிதான் மொதல்ல. நாளைலருந்து நான் ரெண்டு பாட்டில் எடுத்துகினு வரணுமா?"

"ரெண்டு பத்தாது ஏழுமலை" என்றேன். "குடம் எடுத்துட்டு வாங்க."